ஓட்டர் ஜாபிதாவும் வாலிபர்களும்

தோட்டத்துக் கணக்கு வேலையில் பழகியோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். பொழுது புலருமுன் பெரட்டுக்கு வந்து, வெயிலிலும் மழையிலும் உழைத்துத் திரும்பிய ஒருவனுக்கு அன்று செக்ரோலில் பேர் விழாதிருக்குமாயின், அவன் உழைப்புக்குக் கூலியில்லை. உழைத்தது மெய், கண்டவர் பலர், ஆயினும் கணக்கில் இல்லாதது இல்லாததே. ஜனநாயகம் என்று போற்றப்படும் ஆட்சி முறையிலும் இந்நியதியே செல்லுகின்றது. ஒருவன் எத்துணை அறிவுடையவனாயினும், எத்துணை ஆவேசத்துடன் அரசியல் பேசுபவனாயினும், ஓட்டர் ஜாபிதாவில் அவன் பெயர் இல்லையேல் தேர்தல் நாளன்று அவன் வேடிக்கை பார்ப்பவனேயன்றி வேறல்லன்.

அந்த ஜாபிதாவில் வாலிபர்களின் பெயர்கள் ஏறுவதற்குக் காரணம் யாது? இக்கேள்விக்குப் பலரும் எளிதாக ஒரு விடை கூறிவிடுகின்றனர். அரசியல் தலைவர்கள் முன்னே பத்திரிகையிலும் மேடையிலும் முழங்கினர். பின்னே கைத்தொலைபேசியின் சிறு திரையில் தோன்றினர். வாலிபர் விழித்துக்கொண்டு பெயரைப் பதிந்தனர் என்பதே அவ்விடை. இதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1948 முதல் 2022 வரை நடந்தவற்றை ஊன்றி நோக்குமிடத்து, தலைவரின் குரல் ஆசையை எழுப்பும், அருகிலுள்ளோர் கைதான் பெயரை எழுதும், சட்டமே வாசலைத் திறக்கும் என்பது புலனாகும். மூன்றில் ஒன்று தவறினும் பயன் கெடும். அஃதெங்ஙனமென ஈண்டு ஆராய்வோம்.

சிங்கப்பூர் தந்த பாடம்

சிங்கப்பூர் பிரிட்டிஷ் குடியேற்ற நாடாயிருந்த காலத்தில், 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ந் தேதி அங்கே முதல் சட்டசபைத் தேர்தல் நடைபெற்றது. பொதுமக்கள் ஓட்டுக்கு விடப்பட்டவை 6 இடங்களே. 21 வயது நிறைந்த பிரிட்டிஷ் பிரஜைகளுக்கே ஓட்டுரிமை. அவ்வுரிமைக்கு உரியோர் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் என மதிக்கப்பட்டது. ஆனால் தாமே முன்வந்து பெயரைப் பதிந்தோர் சுமார் 22,000 பேர் மாத்திரமே. வியப்பு யாதெனின், ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத இந்தியர், அந்த ஜாபிதாவில் ஏறத்தாழச் சரிபாதியினராய் இருந்தனர் என்பதே.

ஏனையோர் ஏன் பதியவில்லை? சபையின் மொழி ஆங்கிலம். அம்மொழி அறியாத பெருந்திரளான மக்களுக்கு அது எட்டாத மாடமாய் இருந்தது. மேலும், அக்காலத்தில் படித்த வாலிபரிடையே செல்வாக்குப் பெற்றிருந்த மலாயா ஜனநாயக சங்கம், அரைகுறைச் சீர்திருத்தம் வேண்டாமென்று அத்தேர்தலையே பகிஷ்கரித்தது. தலைவரின் குரல் ஜாபிதாவை நிரப்பும் என்போர் இதனைக் கருதல் வேண்டும். நிரப்பும் அதே குரல், வேண்டுமாயின் காலியாக்கவும் வல்லது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2018 ஜனவரியில், மலேசியாவில் ஓட்டுச் சீட்டைக் கெடுத்துப் போடுங்கள் என்ற கூக்குரல் சமூக ஊடகங்களிலே எழுந்தபோது, நமக்கு 1948-ஆம் ஆண்டே நினைவுக்கு வந்தது.

1951-இல் நடந்த அடுத்த தேர்தலுக்குச் சிங்கப்பூரில் பதிந்தோர் சுமார் 48,000 பேர். பின்னர் ஸர் ஜார்ஜ் ரெண்டல் தலைமையில் அமைந்த கமிஷனின் யோசனைப்படி, உரிமையுடையோர் பெயர்களைச் சர்க்காரே ஜாபிதாவில் ஏற்றும் முறை வந்தது. 1955 ஏப்ரல் 2-ந் தேதித் தேர்தலுக்கு ஜாபிதாவில் இருந்தோர் 3 இலட்சம் பேர்! நான்கே ஆண்டுகளில் ஆறு மடங்குக்கு மேற்பட்ட இப்பெருக்கம் எந்தச் சொற்பொழிவினாலும் வந்ததன்று. சட்டத்தின் ஒரு கையெழுத்தால் வந்தது.

நிற்க, அத்தேர்தலில் குரலுக்கும் பஞ்சமில்லை. டேவிட் மார்ஷல் ஆங்கிலத்தில் இடி முழக்கினார். 22 வயதே நிரம்பிய லிம் சின் சியோங் ஹொக்கியன் மொழியில் பேசத் தொழிலாளரும் மாணவரும் திரள்திரளாய் வந்து கேட்டனர். முன்னைய சபையில் ஓங்கியிருந்த முற்போக்குக் கட்சி நான்கே இடங்களுடன் சுருங்க, மார்ஷலின் தொழிலாளர் முன்னணி 10 இடங்களைப் பெற்றது. ஆயினும் ஜாபிதாவில் இருந்தவருள் ஓட்டுச் சாவடிக்கு வந்தவர் 100-க்கு 53 பேர் அளவே. பெயரைச் சட்டம் ஏற்றிவிடும். காலைச் சட்டம் நடத்தவில்லை. 1959-இல் ஓட்டளிப்பது கட்டாயமாக்கப்பட்டபின், 5 இலட்சத்து 86 ஆயிரம் ஓட்டர்களுள் 100-க்கு 90 பேர் வந்தனர். அவ்வாறு கட்டாயம் இல்லாத நாடுகளில் அந்த எஞ்சிய பாதிப்பேரை வரவழைப்பதே குரலின் மெய்யான வேலை என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்க. இதனைப் பின்னர் எடுத்துக் கொள்வோம்.

பிரஜாவுரிமை என்னும் முதற்படி

இனி, கடலுக்கு இப்புறத்திலுள்ள மலாயாக் கூட்டரசை நோக்குவோம். இங்கு முதற் பொதுத்தேர்தல் 1955 ஜூலை 27-ந் தேதி நடந்தது. 52 இடங்களுள் 51 இடங்களைக் கூட்டணிக் கட்சி கைப்பற்றியது. ஜாபிதாவில் ஏறியோர் ஏறக்குறைய 12 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவருள் 100-க்கு 84 பேர் மலாய்க்காரர். இந்தியர் 100-க்கு 5 பேரும் இல்லை. ரப்பர்த் தோட்டங்களில் இலட்சக்கணக்கில் வாழ்ந்த தமிழருள் மிகப்பலர் அன்று பிரஜைகளாக இல்லை. பிரஜாவுரிமை இல்லாத இடத்தில், எந்தத் தலைவரின் எந்தச் சொற்பொழிவும் ஒரு பெயரையேனும் ஜாபிதாவில் ஏற்ற இயலாதென்பது சொல்லாமலே விளங்கும்.

சிங்கப்பூரில் 1957-இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர்கள் காலந்தாழ்த்தாது பிரஜைகளாகப் பதிந்துகொள்ள வேண்டுமென்று கோ. சாரங்கபாணி அவர்கள் தம் பத்திரிகை வாயிலாக வற்புறுத்தினார். பத்திரிகை ஒரு சமூகத்துக்குச் செய்யத்தக்க தொண்டு இதுவே. "பதிந்துகொள்" என்பதோடு நில்லாமல், "இன்னது வேண்டும், இன்ன நாளுக்குள் வேண்டும்" என்று அறிவிப்பதே அத்தொண்டின் உயிர்நாடி.

மலாயாவிலோ, 1957 ஆகஸ்டு 31-ந் தேதியன்றும் அதற்குப் பின்னரும் இம்மண்ணில் பிறந்த குழந்தைகள் அரசியற் சட்டப்படி பிரஜைகளாயினர். 1962-க்குப்பின் பெற்றோர் நிலை பற்றிய நிபந்தனையும் சேர்ந்தது. ஓட்டுக்குரிய வயது 21 என விதிக்கப்பட்டமையால், சுதந்தர நாளன்று லயத்தில் பிறந்த குழந்தை ஓட்டுக்குரிய வயதை எட்ட 1978 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. வயது வந்தபின்னும் பெயர் தானாக ஏறாது. ஆண்டுதோறும் குறித்த காலத்தில் பதிவு நடைபெறும். அப்போது தாமே சென்று பதியவேண்டும். ரேடியோ சர்க்கார் வசம். 1963 டிசம்பரில் வந்த டெலிவிஷனும் சர்க்கார் வசம். எதிர்க்கட்சித் தலைவர்களின் குரல் வாலிபர் காதில் விழ, மேடையும் கட்சிப் பத்திரிகையுமே கதியாய் இருந்தன.

பதிந்தும் பயனின்றிப் போனவர்கள்

இந்நிலை 1998-இல் சட்டென்று மாறிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 2-ந் தேதி துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவியினின்றும் நீக்கப்பட்டார். 20-ந் தேதி கைது செய்யப்பட்டார். சீர்திருத்தம் என்னும் பொருளுடைய 'ரிபோர்மாசி' என்ற முழக்கம் நாடெங்கும் எழுந்தது. பெரிய பத்திரிகைகள் அவர் பக்கத்துச் செய்திகளை ஒடுக்கிச் சொல்ல, வாலிபர் இன்டர்நெட்டை நாடினர். பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் பொருட்டு, இன்டர்நெட்டுக்குத் தணிக்கை இராதென்று சர்க்கார் முன்னமே வாக்களித்திருந்தது. ஆகவே எண்ணற்ற வலைத்தளங்கள் தோன்றின. கணினி இல்லாத கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும், அவற்றில் வந்தவை அச்செடுக்கப்பட்டுப் பிரதிகளாகக் கைக்குக் கை சென்றன. பாஸ் கட்சியின் 'ஹராக்கா' பத்திரிகை, சுமார் 65,000 பிரதிகளிலிருந்து 3 இலட்சத்துக்கு மேல் ஏறிற்று என்பர். வாரம் இருமுறை வந்த அப்பத்திரிகை, 2000-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மாதம் இருமுறையே வரலாமென்று கட்டுப்படுத்தப்பட்டது. ஒரு குரலின் வன்மையை அதை அடக்க முயல்வோரே நன்கு அளந்திருப்பர்.

குரல் இவ்வாறு ஓங்க, 1999 ஏப்ரல், மே மாதங்களில் நடந்த பதிவில் புதியோர் வந்து குவிந்தனர். சுமார் 6 இலட்சத்து 80 ஆயிரம் பேர் பதிந்தனர்; அவருட் பெரும்பாலோர் வாலிபர். இம்முறை குரலும் இருந்தது. பாரம் எழுதும் கையும் இருந்தது. ஆனால் வாசல் திறக்கவில்லை. அவ்வாண்டின் பதிவைச் சரிபார்த்து ஜாபிதாவை உறுதிசெய்தல் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே முடியுமென்றனர் தேர்தல் ஆணையத்தார். தேர்தலோ 1999 நவம்பர் 29-ந் தேதியே நடந்துவிட்டது. மே மாதத்தில் வரிசையில் நின்று பெயர் கொடுத்தவன், நவம்பரில் ஓட்டளிக்க இயலாமல் வீட்டிலிருந்தான். நாடு முழுவதிலும் ஓட்டர்கள் 95 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த காலம் அது. 100-க்கு 7 பேர் கணக்குக்குச் சமமான ஒரு பட்டாளம், பதிந்தும் வெளியே நின்றது! தேர்தல் முடிவு அதனால் மாறியிருக்குமோ மாறாதோ, அது வேறு வாதம். முதன்முறையாக அரசியலில் நம்பிக்கை வைத்து வந்த ஒரு தலைமுறையை வாசலிலே நிறுத்திவைத்தது சிறு காரியமன்று.

2002-இல் ஆண்டு முழுவதும் பதியலாமென்று முறை திருத்தப்பட்டது. அஞ்சலகத்திலும் பதியலாமென்ற வசதியும் பரவியது.

வலைப்பதிவுக் காலம்

2008 மார்ச்சு 8-ந் தேதிப் பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி, மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. இன்டர்நெட்டை அலட்சியம் செய்ததே தாம் செய்த பெரும்பிழையென்று அக்காலப் பிரதமர் அப்துல்லா அகமது படாவி பின்னர் ஒப்புக்கொண்டார். ஜெஃப் ஊய், டோனி புவா போன்ற வலைப்பதிவர்கள் பார்லிமெண்டு அங்கத்தினராயினர். அதன்பின் ஆளுங்கட்சியாரும் எதிர்க்கட்சியாரும் போட்டியிட்டு முகநூலிலும் டுவிட்டரிலும் குடியேறினர்.

2008-இல் 1 கோடியே 9 இலட்சமாயிருந்த ஓட்டர் தொகை, 2013-இல் 1 கோடியே 32 இலட்சமாயிற்று. இந்த ஏற்றத்தை முகநூலின் வெற்றியென்று சிலர் பேசுவர். வயது வந்தோர் தொகை பெருகியதும் ஒரு காரணமென்பதை மறக்கலாகாது. அன்றியும், அவ்வைந்தாண்டுகளில் கட்சியினரும் பொதுத்தொண்டரும் பாரங்களை ஏந்திக்கொண்டு சந்தைக்கும் கல்லூரி வாசலுக்கும் சென்றதை நாம் கண்ணாற் கண்டோம். நம் பெயர் ஜாபிதாவில் ஏறியதும் அப்படியே. இரவுச் சந்தையில் ஒரு மேசை, அதன்மேல் பாரம், பக்கத்தில் ஒரு பேனா. தலைவரின் பேச்சை அதற்குமுன் நூறு முறை கேட்டிருந்தோம். பெயரைப் பதிந்தது அம்மேசையைக் கண்ட அன்றைக்குத்தான்.

நம் குறை

இவ்விடத்தில் நம் குறை ஒன்றையும் வெளியிட வேண்டியவராய் இருக்கிறோம். 2017 நவம்பரில், நாம் கணக்கெழுதும் தோட்டத்து டிராக்டர் டிரைவரின் மகன், 22 வயது வாலிபன், ஆபிசுக்கு வந்தான். கைத்தொலைபேசியில் ஒரு தலைவரின் பேச்சை ஓடவிட்டுக் காட்டினான். "கிராணி ஐயா, இவர் பேரைப் பதியச் சொல்கிறார். எங்கே போய்ப் பதிவது? என்னோடு ஒரு நாள் டவுனுக்கு வருவீர்களா?" என்று கேட்டான். ஆண்டுக் கணக்கு முடியும் சமயம். ஜனவரி பிறக்கட்டும், போகலாம் என்றோம். சொன்னபடியே ஜனவரியில் அஞ்சலகத்துக்கு அழைத்துச் சென்றோம். பெயர் பதிந்து, கையிற் சீட்டையும் பெற்றுக்கொண்டு மகிழ்ச்சியோடு திரும்பினான்.

2018 மே 9-ந் தேதி, புதன்கிழமை, தேர்தல். விடியற்காலையிலேயே பள்ளிக்கூடத்துச் சாவடிக்குப் போனவன் சிறிது நேரத்தில் திரும்பி வந்தான். ஜாபிதாவில் அவன் பெயர் இல்லை. 2017 டிசம்பர் முடியப் பதிந்தோர் பெயர்களைக் கொண்டே அத்தேர்தல் நடந்தது. ஜனவரியில் பதிந்தவன் அடுத்த தேர்தலுக்கே உரியவன். அவன் நம்மைக் கோபிக்கவில்லை. "பதியச் சொன்னாரே ஐயா, எந்தத் தேதிக்குள் என்று சொல்லவில்லையே" என்றான். அன்று நாட்டில் 60 ஆண்டுக்கால ஆட்சி கவிழ்ந்தது. ஊரெல்லாம் அதனைப் பேசிற்று. அவனுக்கு அதில் பங்கில்லை. 1999-இல் நாட்டுக்கு நேர்ந்தது 2018-இல் ஒரு லயத்து வாலிபனுக்கு நேர்ந்தது; முன்னதற்குக் காரணம் முறை, பின்னதற்குக் காரணம் நமது சோம்பல். செக்ரோலில் ஒரு நாள் பேர் தவறினால் அதன் விளைவு யாதென்பதை அறிந்த நாமே, ஜாபிதாவில் அவன் பேர் தவறக் காரணமானோம்.

அவன் ஒருவன் மாத்திரமா? அத்தேர்தலின்போது 21 வயது கடந்தும் பதியாதிருந்தோர் 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பகுதி 21 முதல் 30 வரை வயதினர். தலைவர்கள் சமூக ஊடகங்களில் இரவுபகலாகப் பேசிய காலத்தின் கணக்கு இது. கேட்டவர் கோடி, பதியாதவர் இலட்சம் இலட்சமாய் நின்றனர்.

சட்டம் திறந்த வாசல்

இதனை நன்குணர்ந்தவர் வாலிபரே. தர்மா பிள்ளை, கைரா யுஸ்ரி என்போர் மாணவராயிருந்தபோது 2016-இல் தொடங்கிய 'உண்டி 18' இயக்கம், 18 வயதில் ஓட்டுரிமை வேண்டுமென்று கேட்டது. 2018 தேர்தலுக்குப்பின் 25 வயதில் மந்திரியான சைட் சாடிக், அக்கோரிக்கையைப் பார்லிமெண்டுக்குக் கொண்டுவந்தார். சமூக ஊடகங்களில் இலட்சக்கணக்கான வாலிபரோடு பேசிப் பழகியவர் அவர். 2019 ஜூலை 16-ந் தேதி, அரசியற் சட்டத் திருத்தம் 211 ஓட்டுகளோடு நிறைவேறிற்று. எதிர்த்தவர் ஒருவரும் இலர். ஓட்டு வயது 18. 18 வயதில் அபேட்சகராகவும் நிற்கலாம். பெயர் தானாகவே ஜாபிதாவில் ஏறும் என்பவை அதன் மூன்று கூறுகள்.

சட்டம் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவில்லை. 2021 மார்ச்சில், 2022 செப்டம்பருக்குப் பின்னரே இயலுமென்றனர் தேர்தல் ஆணையத்தார். வாலிபர்கள் வீதியில் நின்று கண்டித்தனர், நீதிமன்றத்தையும் நாடினர். 2021 செப்டம்பர் 3-ந் தேதி கூச்சிங் உயர்நீதிமன்றம், அவ்வாண்டு டிசம்பர் 31-க்குள் 18 வயது ஓட்டுரிமையைச் செயற்படுத்துமாறு தீர்ப்பளித்தது. டிசம்பர் 15-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. குரல் தன் வேலையைச் சரிவரச் செய்த இடம் இதுவே என்போம். ஒவ்வொருவனையும் தனித்தனியே பதியச் சொல்வதைவிட, எல்லோரையும் பதியும் சட்டத்தைக் கேட்டுப் பெறுதல் ஆயிரம் மடங்கு மேலான காரியம்.

2018-இல் 1 கோடியே 49 இலட்சமாயிருந்த ஓட்டர் தொகை, 2022 நவம்பர் 19-ந் தேதித் தேர்தலில் 2 கோடியே 11 இலட்சமாயிற்று. 18 முதல் 20 வயது வரையினர் மாத்திரம் சுமார் 14 இலட்சம்.

இனி ஆகவேண்டுவது

எனினும் 1955-இன் சிங்கப்பூர் கதை இங்கும் திரும்பிற்று. 18 வயதினர் முதன்முதலாக ஓட்டளித்த 2022 மார்ச்சு ஜொகூர்ச் சட்டமன்றத் தேர்தலில் வந்தவர் 100-க்கு 55 பேர் அளவே. நவம்பர்ப் பொதுத்தேர்தலில் 100-க்கு 74 பேர். 2018-இல் 82 பேர் வந்திருந்தனர். ஜாபிதா பெருத்தது, வருகை விகிதம் இளைத்தது. ஆகவே பதிவு முடிந்ததென்று தலைவர்கள் வாளாவிருக்கலாகாது. அவர்கள் குரலுக்கு இப்போதுதான் வேலை அதிகம்.

அக்குரல் எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? 2022-இல் டிக்டாக் என்னும் குறும்படச் சாதனத்தின் வாயிலாகத் தலைவர்கள் ஆடினர், பாடினர், சமைத்தும் காட்டினர். அதுபற்றி நமக்கு வருத்தமில்லை. தேர்தல் முடிந்தவுடன் அதே சாதனத்தில் 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி இனப்பகை மூட்டும் படங்கள் பரவின. போலீசார் எச்சரித்தனர், அந்நிறுவனமும் அத்தகைய படங்களை நீக்கிற்று. வாலிபன் கையிலுள்ள அதே திரையில் அறிவும் வரும், நஞ்சும் வரும். எது வருகின்றதென்று ஆராய்ந்து கொள்ளும் பகுத்தறிவை எந்தச் சட்டமும் தானாக ஏற்றிவிடாது.

நம் தோட்டத்து மக்களுக்கு உரிய இரண்டு குறைகள் இன்னும் உள. முதலாவது, பெயர் தானாக ஏறுவது அடையாளக் கார்டிலுள்ள விலாசத்தின்படி. வேலை தேடிப் பட்டணம் சென்ற வாலிபனின் கார்டில் பழைய தோட்டத்து விலாசமே இருக்கும். லயம் இடிபட்டுப் போயிருக்கலாம். ஓட்டு மாத்திரம் அங்கேயே இருக்கும். விலாசத்தை மாற்றவேண்டும்; அன்றேல் அந்நாளில் வந்துசேர வேண்டும். இரண்டாவது, பிரஜாவுரிமைப் பத்திரமின்றிச் சிவப்புக் கார்டுடன் வாழ்வோரையும், எக்கார்டும் இல்லாதோரையும் இந்தத் தானியங்கி வாசல் அறியாது. 1955-இல் நம்மவரை வெளியே நிறுத்திய அதே கதவு அவர்க்கு இன்றும் மூடியே இருக்கிறது. இவ்விரண்டையும் சரிசெய்வது தலைவரின் படக்காட்சியால் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரும், ஆசிரியரும், நம்போன்ற கணக்கெழுதுவோரும் பாரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாலன்றி ஆகாது.

முன்னர்ச் சொன்ன வாலிபனுக்கு 19 வயதில் ஒரு தங்கை இருந்தாள். ஜொகூர் பாருவில் வேலை. 2022-இல் அவள் யாதொரு பாரமும் எழுதாமலே பெயர் ஜாபிதாவில் இருந்தது. ஆனால் இருந்தது தோட்டத்து விலாசத்தில். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட மறுநாளே அவன் ஆபிசுக்கு வந்து, "ஐயா, தங்கச்சிக்குப் பஸ் டிக்கட் வாங்கிவிட்டேன். இந்த முறை தேதியை முதலில் பார்த்துக்கொண்டேன்" என்றான். அண்ணனும் தங்கையும் ஒரே வரிசையில் நின்று முதல் ஓட்டை அளித்தனர்.

வாலிபத் தோழர்களே! தலைவர் பேசட்டும், கேளுங்கள், கேட்டதை ஆராயுங்கள். ஆனால் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது, எந்த விலாசத்தில் இருக்கிறது என்பதை இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கத் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருப்பாராயின், அவர்க்கும் பார்த்துச் சொல்லுங்கள். ஜனவரி பிறக்கட்டும் என்று சொல்லாதீர்கள். நாம் ஒருமுறை சொன்னதே போதும்.